பொத்தான் போட்டுப் பார்த்தவர்

நான் தையல்காரன். ஆட்களை முகத்தை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்ள எனக்கு வராது. மார்பளவும் கை நீளமும் சொன்னால் ஆள் யாரென்று சொல்லிவிடுவேன். நான் சொல்லப்போகிறவருக்கு மார்பைவிட வயிறு இரண்டு அங்குலம் கூடுதல், இடது தோள் கொஞ்சம் இறக்கம், சட்டைக்கு இரண்டு பை. ஒன்றில் டெஸ்டர், இன்னொன்றில் திருப்புளி. "பைக்கு அடியில ஒரு தையல் சேத்திப் போடுங்க தம்பி, கிழிஞ்சு கிழிஞ்சு போகுது" என்பார். சேர்த்துத்தான் போடுவேன். ஆனாலும் கிழித்துக்கொண்டு வந்துவிடுவார்.

கேரள எல்லையில் இருக்கிற எருத்தேன்பதியில் என் கடைக்கு அடுத்த கடை அவருடையது. எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிற கடை. தென்னந்தோப்புக்காரர், கடலைக்காட்டுக்காரர் எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள். வந்தவர் மோட்டாரை வண்டியிலிருந்து இறக்குவதற்குள் பழுது என்னவென்று அவருக்குத் தெரிந்துவிடும். "ஒயரு லூசாயிருச்சுங்க, வேற ஒண்ணுமில்ல" என்பார். வந்தவர் நிம்மதியாகப் பெருமூச்சு விடுவார். அப்போதுதான் அந்த வார்த்தை வரும்.

"ஆனாலும் உள்ள என்ன கெடக்குதுன்னு பாத்துப்போடலாமுங்க."

சாயங்காலம் போய்ப் பார்த்தால் மோட்டார் ஒரு சாக்கின்மேல் பல துண்டுகளாகக் கிடக்கும். அவர் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே கடலைச்செடி வாடிக்கொண்டிருக்கும். மோட்டார்காரர் கத்துவார். இவர் கோபப்படவே மாட்டார். கடைசியில் ஒயரை முறுக்கியதற்கு மட்டும் கூலி வாங்கிக்கொள்வார். பிரித்தது தன் ஆசைக்கு என்பதால் அதற்குக் கூலி கிடையாது. அதனால்தான் ஜனங்கள் திட்டிக்கொண்டே திரும்பவும் வந்தார்கள்.

மூடியிருக்கிற எதையும் அவரால் சும்மா விட முடியாது. விருந்துக்குப் போனால் பந்தியில் உட்காருவதற்கு முன்னால் சமையல்கட்டுக்குப் போய் ஒவ்வொரு அண்டாவின் மூடியையும் தூக்கிப் பார்த்துவிட்டு வருவார். ஒரு தடவை மக்காச்சோளக் காட்டில் புலி படுத்திருக்கிறது என்று பட்டப்பகலில் ஊரே கதவைச் சாத்தியது. நானும் ஷட்டரைப் பாதி இறக்கி, அதற்கடியில் குனிந்து வெளியே பார்த்தேன். இவர் டெஸ்டரைக் கையில் பிடித்துக்கொண்டு காட்டுப் பக்கம் நடந்தார்.

"டெஸ்டர வெச்சுப் புலிய என்னங்ணா பண்ணுவீங்க?" என்று கத்தினேன்.

"கையில ஏதாச்சும் இருக்கோணுமல்லங்க" என்றார்.

அரைமணி நேரத்தில் திரும்பி வந்தார். வேட்டி முழங்காலுக்குக் கீழே இரண்டாகக் கிழிந்திருந்தது. பின்னாலேயே ஒரு செவலை நாய் வாலாட்டிக்கொண்டு வந்தது. வேட்டியை நான் தைத்துக் கொடுத்தேன். நாய் அவர் கடையிலேயே தங்கிவிட்டது. அதற்குக் கடைசிவரை புலி என்றுதான் பேர்.

இப்படிப்பட்டவர் சீட்டாடினால் எப்படியிருக்கும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் என் கடையில் துணி வெட்டும் மேசையைச் சுற்றி நாலு பேர் உட்காருவோம். நான், அவர், கொழிஞ்சாம்பாறைக்கு ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர், ஆதாரம் எழுதுகிறவர் ஒருவர். ஆதாரம் என்றால் இந்தப் பக்கம் நிலப்பத்திரம். ரெஜிஸ்ட்ரார் ஆபீசுக்கு எதிரே மேசை போட்டு எழுதுவார். அதனால் அவருக்கு ஆதாரக்காரர் என்றே பேர். எந்தத் தோப்பு யார் பேரில், எந்த அண்ணன் தம்பிக்குத் தெரியாமல் எதை எழுதி வைத்தான், எல்லாம் அவர் மண்டைக்குள் இருக்கும். ஒரு சொல் வெளியே வராது. ஒல்லியான ஆள். சட்டைக்கு ஒரே பை, அதற்கும் மூடி வைத்துப் பொத்தான் போடச் சொல்வார்.

முதலில் நாங்கள் ஆடியது இருபத்தெட்டு. கேரளத்தில் சீட்டைத் தொட்ட எல்லோருக்கும் தெரிந்த ஆட்டம். தோற்றவன் காதில் குணுக்கு மாட்ட வேண்டும், அதுதான் தண்டனை. குணுக்கு என்றால் காதில் தொங்குகிற ஏதோ ஒன்று. சில ஊரில் பலா இலையை மடித்து மாட்டுவார்கள், சில ஊரில் துணிக்கிளிப்பு. எங்களுக்குத் தையல் மிஷினில் நூல் சுற்றுகிற பாபின். பாபினில் நூலைக் கட்டி வளையமாக்கிக் காதுக்கு ஒன்றாகத் தொங்க விட்டுக்கொண்டு, எதிரே சாயாக்கடைக்குப் போய் நாலு பேருக்கும் சாயா வாங்கி வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயாக்கடையில் கூட்டம் எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் மோட்டார் கடைக்காரர் தன் மகளைப் பெங்களூரில் கட்டிக் கொடுத்திருந்தார். அங்கே போய் நாலு நாள் இருந்துவிட்டு வந்தவர் பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேராக என் கடைக்கு வந்தார்.

"தம்பி, மருமகன் ஊட்டுல கூட்டாளிகள்லாம் வந்து ஒரு ஆட்டம் ஆடறாங்க. போக்கராமா. ஒரு சண்டை இல்ல, சத்தமில்ல. ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கானுங்க. அப்படி என்னதான் பாக்கறானுங்கன்னு போனேன்."

போனவர் ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் நின்று சீட்டைப் பார்த்திருக்கிறார். மூன்றாவது ஆளின் சீட்டைப் பார்த்ததும் "அடேயப்பா" என்றிருக்கிறார். மற்றவர்கள் உடனே சீட்டைக் கவிழ்த்துவிட்டார்கள். மருமகன் அவர் தோளில் கைபோட்டுப் பால்கனிக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்து ஏரியைக் காட்டியிருக்கிறார். ஆனால் அதற்குள் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டுவிட்டார்.

மார்க் போடுகிற சாக்கட்டியை எடுத்து என் மேசையிலேயே வரைந்து எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஆளுக்கு இரண்டு சீட்டு, கையில் மறைத்து வைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக மல்லாந்து விழும். முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று. கையிலிருப்பதையும் நடுவில் இருப்பதையும் சேர்த்து யாருக்கு நல்ல ஜோடி சேருகிறதோ அவர் ஜெயித்தார். மூன்று ஒரே மாதிரி, கூடவே இரண்டு ஒரே மாதிரி சேர்ந்தால் அது பெரிய சீட்டு. மருமகன் அதற்கு ஏதோ வீடு என்று இங்கிலீஷில் சொன்னாராம். இவர் அதை 'நெறஞ்ச ஊடு' ஆக்கிவிட்டார். நாலும் ஒரே மாதிரி வந்தால் நிறைந்த வீடும் அதற்குத் தோற்கும். அப்படியொன்று எங்கள் மேசையில் யாருக்கும் வந்து நான் பார்த்ததில்லை.

ஒவ்வொரு சுற்றிலும் பந்தயம் ஏறும். எதிராளி வைத்ததற்குச் சமமாக வைத்தால்தான் ஆட்டத்தில் இருக்கலாம். பயமாக இருந்தால் சீட்டை மடித்துப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். எல்லோரும் ஒதுங்கிவிட்டால் மிச்சமிருக்கிற ஒருவர் அத்தனையையும் அள்ளிக்கொள்ளலாம், தன் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை.

இந்தக் கடைசி விதியைச் சொல்லும்போது அவர் குரலே இறங்கிவிட்டது.

"காட்ட வேண்டாங்களா?" என்று ஆதாரக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வேண்டாமாமுங்க. என்ன அநியாயம் பாருங்க."

"அருமையான ஆட்டமுங்க" என்றார் ஆதாரக்காரர்.

காசு வைத்தால் கேஸாகிவிடும் என்று ஆதாரக்காரர் சொல்லிவிட்டார். அதனால் பந்தயத்துக்கு என் கடைப் பொத்தான்கள். சட்டைப் பொத்தானுக்கு மதிப்பு ஒன்று, கோட்டுப் பொத்தானுக்குப் பத்து, பேண்டு வாத்தியக்காரர் சட்டைக்கு வாங்கி மிஞ்சிய பித்தளைப் பொத்தானுக்கு ஐம்பது. யாருடைய பொத்தான் முதலில் தீர்கிறதோ அவருக்குக் குணுக்கு. பெங்களூரில் குணுக்கே கிடையாதாம் என்று அவர் சொன்னபோது ஆட்டோக்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. "அப்பறம் தோத்தது ஊருக்கு எப்படீங்ணா தெரியும்?" என்று கேட்டார்.

அவர் ஆடிய விதத்தை எப்படிச் சொல்வது? அந்த ஆட்டத்தில் பாதித் திறமை மடிப்பதில்தான் இருக்கிறது. அவர் மடிக்கவே மாட்டார். கையில் ரெண்டும் நாலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நடுவில் விழுந்த ஒன்றும் அவருக்குச் சேர்ந்திருக்காது. எதிரே ஆதாரக்காரர் பித்தளைப் பொத்தானை நகர்த்துவார். அவர் பித்தளையை நகர்த்தினால் கையில் சரக்கு இருக்கிறது என்று தெருவில் படுத்திருக்கிற புலிக்குக்கூடத் தெரியும். இவர் தலையைச் சொறிவார். மூக்கைத் தேய்ப்பார். பிறகு பொத்தானை எடுத்து வைப்பார்.

"பாத்துப்போடலாமுங்க."

பார்ப்பார். தோற்பார். பாபினை எடுத்து மாட்டிக்கொள்வார்.

"தோக்கறது தெரியுதல்லங்ணா, மடிச்சுப் போடலாமல்ல?" என்று நான் ஒரு நாள் கேட்டேன்.

"தோப்பேன்னு தெரியும் தம்பி. எதுல தோக்கறேன்னு தெரியோணுமல்ல?"

சாயாக்கடைக்காரர் ஞாயிறு மதியம் அவர் ரோட்டைக் கடப்பதைப் பார்த்ததும் நாலு கிளாஸைக் கழுவி வைத்துவிடுவார். எங்கள் ஆளின் வீட்டுக்கார அக்கா ஒரு தடவை ரவிக்கைத் துணி கொடுக்க வந்தபோது என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங் தம்பி, எனக்கு ஒரு தோடு மாத்திக் குடுங்கன்னு எத்தன வருசமாக் கேக்கறேன். இவரு வாரம் தவறாம மாட்டிக்கிட்டு வர்றாரு. காது எனக்கு முன்னால இவருக்குத் தொங்கிப் போயிருமாட்ட இருக்குது."

நல்ல நாளும் அவருக்கு இருந்தது, இல்லை என்று சொல்லக்கூடாது. ஆட்டோக்காரர் உடான்ஸ் மன்னன். கையில் ஒன்றுமே இல்லாமல் ஒரு கை நிறையப் பொத்தானை நடுவில் கொட்டி எங்களையெல்லாம் மிரட்டி மடிக்க வைப்பார். நானும் ஆதாரக்காரரும் மடித்துவிடுவோம். இவரிடம் அது நடக்காது. இவர் பார்த்தே தீருவார். ஆட்டோக்காரர் அசடு வழிந்துகொண்டு சீட்டைத் திருப்பினால் மூணும் எட்டும் இருக்கும். இவர் அந்தச் சீட்டுகளைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பி, "இத வெச்சுக்கிட்டா இந்தத் தைரியம்?" என்று மனதார ஆச்சரியப்படுவார். அவரிடம் கேலி இருக்காது. கொஞ்ச நாளில் ஆட்டோக்காரர் உடான்ஸ் விடுவதையே குறைத்துக்கொண்டார். அந்த மாதத்தில் மூன்று வாரம் குணுக்கு ஆட்டோக்காரருக்குப் போனது. எங்கள் ஆள் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு திரிந்தார். அடுத்த வாரமே பாபின் அவருக்குத் திரும்பி வந்தது.

ஆதாரக்காரருக்கு மட்டும் அது ஒரு தடவையும் போகவில்லை. போக்கர் வந்ததிலிருந்து அவர் காது வெறுங்காதுதான். மடிப்பார், மடிப்பார், மடித்துக்கொண்டே இருப்பார். சீட்டு வந்தால் வருவார். வந்ததா வரவில்லையா என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியாது. எங்கள் ஆளுக்கு அது ஒரு ஏக்கமாகவே ஆகிவிட்டது.

"அந்தக் காதுல பாபின் ஆடறத ஒருக்காப் பாத்துட்டாப் போதும் தம்பி. சாயாக்கடைக்காரன் பாக்க, ஊரு பாக்க, நான் பாக்கோணும். அதுக்கப்பறம் நான் சீட்டையே தொட மாட்டேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. எல்லோருக்கும் வெள்ளை நூல் பாபின். ஆதாரக்காரருக்கென்று தனியாகச் சிவப்பு நூலில் ஒரு ஜோடி கட்டச் சொல்லி என் மிஷின் டிராயரில் போட்டு வைத்திருந்தார். ஞாயிறு தவறாமல் டிராயரைத் திறந்து அது இருக்கிறதா என்று பார்ப்பார். ஆதாரக்காரரும் அதைப் பார்ப்பார்.

அப்படியிருக்கும்போது ஆதாரக்காரரின் வீட்டுக்கார அம்மா தவறிப்போனார். காய்ச்சல் என்று கோயமுத்தூருக்குக் கொண்டு போனார்கள், திரும்பக் கொண்டுவந்தது உடம்பைத்தான். காரியமெல்லாம் முடிந்து வெகுநாள் ஆதாரக்காரர் வெளியே தலைகாட்டவில்லை. நாங்களும் ஆடவில்லை. எங்கள் ஆள்தான் தினமும் அந்த வீட்டுக்குப் போவார். ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரியாது. போய் உட்கார்ந்து அங்கே ஓடுகிற ஃபேன், மிக்ஸி, எதையாவது பிரித்துப் போட்டுத் துடைத்து மாட்டிவிட்டு வருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்துவிட்டார்.

"சும்மா உக்காருங்க. ஆடோணும்னு இல்ல."

ஆனால் சீட்டைப் போட்டதும் ஆதாரக்காரர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். ஆட்டோக்காரர் அன்றைக்கு ஒரு கிண்டலும் செய்யவில்லை. தையல்காரன் கண் சட்டைக்குத்தானே போகும்? ஆதாரக்காரரின் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை. அறுந்த நூல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மா இருந்தவரை ஒரு பொத்தான் ஆடினால்கூட அன்றைக்கே என்னிடம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். கண்ணை எடுத்துக்கொண்டு சீட்டைக் கலைத்துப் போட்டேன்.

அன்றைக்குப் பார்த்து எங்கள் ஆளுக்குச் சீட்டு கொட்டோ கொட்டென்று கொட்டியது. அவர் முன்னால் பொத்தான் குவிந்து கிடந்தது. ஒரு ஆட்டத்தில் நடுவில் இரண்டு ராஜாவும் ஒரு ஏழும் விழுந்தன. பிறகு ஒரு ஒன்பது, ஒரு ரெண்டு. நானும் ஆட்டோக்காரரும் மடித்துவிட்டோம். ஆதாரக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தன் முன்னால் இருந்த எல்லாவற்றையும், பித்தளை, கோட்டு, சட்டை எல்லாவற்றையும், உள்ளங்கையால் நடுவுக்குத் தள்ளிவிட்டார். அவர் அப்படிச் செய்து நாங்கள் பார்த்ததில்லை.

இவர் சமமாக வைத்து ஜெயித்துவிட்டால் ஆதாரக்காரர் கை காலி. சிவப்பு நூல் பாபின்.

இவர் காது சிவந்துவிட்டது. நல்ல சீட்டு வந்தால் அவருக்குக் காது சிவக்கும், எங்களுக்குத் தெரியும். கை தன்னால் பொத்தான் குவியல்மேல் போனது. ஆதாரக்காரரின் முகத்தைப் பார்த்தார். அங்கே எப்போதும்போல் ஒன்றுமில்லை. பிறகு அவர் பார்வை முகத்திலிருந்து கீழே இறங்கியது. அந்த அறுந்த நூலில் போய் நின்றது. ஆட்டோக்காரர் இருமினார். தெருவில் ஒரு பால்வண்டி போனது.

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். இரண்டு சீட்டையும் கவிழ்த்து என் பக்கம் தள்ளினார்.

"நான் வரலீங்க" என்றார்.

"என்னங்ணா, ஒடம்பு செரியில்லீங்களா?" என்று ஆட்டோக்காரர் எழுந்தே விட்டார்.

ஆதாரக்காரர் மடித்தவரையே பார்த்தார். அந்த முகத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஏதோ ஓடியதைப் பார்த்தேன். நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன். அவர் தன் சீட்டை யாருக்கும் காட்டாமல் கட்டுக்குள் நுழைத்துக் கலைத்துவிட்டார். இவருடையதை நான் எடுக்கும்போது பார்த்தேன். இரண்டும் ஏழு. நடுவில் இருந்த ஏழோடு மூன்று ஏழு, இரண்டு ராஜா. நிறைந்த வீடு. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். பேசாதே என்று கண்ணைக் காட்டினார்.

பிறகு தன் குவியலிலிருந்து ஒரு வெள்ளைப் பொத்தானை எடுத்து என் பக்கம் உருட்டினார். "தம்பி, ஆதாரக்காரர் சட்டைக்கு இதத் தெச்சுக் குடுங்க." ஆதாரக்காரர் பனியனோடு உட்கார்ந்திருக்க, நான் தைத்துக் கொடுத்தேன். அடுத்த ஆட்டத்தில் என் பொத்தான் தீர்ந்தது. பாபினை மாட்டிக்கொண்டு நான்தான் சாயா வாங்கப் போனேன். சாயாக்கடைக்காரர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "அவரு வரலீங்களா?" என்று கேட்டார்.

மறுநாள் நான் ஷட்டரைத் தூக்கும்போதே அவர் வாசலில் நின்றிருந்தார். ராத்திரி தூங்கவில்லை என்று கண் சொன்னது.

"அந்தச் சிவப்பு நூல உருவிப் போடுங்க தம்பி. இனி அது வேண்டாம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா அவரு கையில என்னத்த இருந்திருக்கும்?"

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. விட்டுக்கொடுத்தது பெரிய காரியம்தான். ஆனால் எதை விட்டுக்கொடுத்தோம் என்று தெரியாமல் அவரால் எப்படி இருக்க முடியும்? ரகசியமாக என்னிடம் சொன்னார். ரகசியமாக அக்காவிடம், சாயாக்கடைக்காரரிடம், மோட்டார் கொண்டுவந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார். ஒரு வாரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. யாரோ ஆதாரக்காரரிடம் போய், "அன்னிக்கு உங்கள விட்டுக்குடுத்தாராமுங்க?" என்று கேட்டார்கள். ஆதாரக்காரர் எழுதிக்கொண்டிருந்த ஆதாரத்திலிருந்து தலையைத் தூக்காமல், "ஆமாங்க, பெரிய மனசு அவருக்கு" என்றார்.

எங்கள் ஆள் கேட்காத இடமில்லை. ஆதாரக்காரர் தோட்டத்து மோட்டாரைப் பிரிக்காமலேயே ஒரு மணி நேரத்தில் சரிசெய்து கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் கை வைத்த மோட்டாரில் பிரிக்காமல் திரும்பிப் போனது அது ஒன்றுதான். கொடுத்துவிட்டு, "அன்னிக்குக் கையில என்னங்க?" என்றார்.

"பொத்தான் போட்டாத்தானுங்க சீட்டு" என்றார் ஆதாரக்காரர்.

ஒரு கூடை மாம்பழத்தோடு போனார். ஆதாரக்காரர் மாம்பழத்தை வாங்கிக்கொண்டு அதையேதான் சொன்னார். கடைசியில் இவர் என்னிடம் ஒரு பித்தளைப் பொத்தானை வாங்கிக்கொண்டு நேராக ரெஜிஸ்ட்ரார் ஆபீசுக்கே போய்விட்டார். நிலம் வாங்க வந்தவர், விற்க வந்தவர் எல்லோரும் சுற்றி நிற்க, எழுதிக்கொண்டிருந்த பத்திரத்தின் மேலேயே பொத்தானை வைத்து, "இந்தாங்க பொத்தான். இப்பச் சொல்லுங்க" என்றாராம். ஆதாரக்காரர் பொத்தானை எடுத்துத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஆட்டம் முடிஞ்சு போச்சுங்க. ஞாயித்துக்கிழம வாங்க" என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை எப்போதும்போல் ஆடினோம். அவர் எப்போதும்போல் எல்லாவற்றையும் பார்த்தார், எப்போதும்போல் தோற்றார். மடித்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு அவருக்கு நெஞ்சுவலி வந்தது. பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய் வழியாக ஒயர் விட்டுப் பார்த்தார்கள். ஆளை மயக்காமல்தான் செய்வார்கள். "டாக்டரே, அந்த டிவிய இந்தப் பக்கமாத் திருப்புங்க, பாத்துப்போடலாம்" என்று கேட்டிருக்கிறார். டாக்டர் சிரித்துக்கொண்டே திருப்பியிருக்கிறார். திரும்பி வந்து அவ்வளவையும் என் மேசையில் சாக்கட்டியால் வரைந்து காட்டினார். "மோட்டாருக்கு ஒண்ணுமில்ல தம்பி. லைன்லதான் அடைப்பு."

ஆஸ்பத்திரியில் இருந்தவரை ஆதாரக்காரர் தினமும் பஸ் ஏறிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "நெஞ்சுவலிக்காரன் கேக்கறேன். இப்பவாச்சும் சொல்லப்படாதுங்களா?" என்று இவர் படுக்கையிலிருந்து கேட்டபோது நானும் அங்கே இருந்தேன். ஆதாரக்காரர் போர்வையை இழுத்துவிட்டு, "எந்திரிச்சு வாங்க. வந்து பொத்தான் போடுங்க. பாத்துக்கலாம்" என்றார்.

எழுந்து வந்தார். ஒரு மழைக்காலம் முழுக்க ஆடினார். பிறகு ஒரு நாள் காலையில் சாக்கின்மேல் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு, பேரிங்கைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே சாய்ந்துவிட்டார். புலி குரைத்த குரைப்பில்தான் நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. அன்றைக்குத்தான் அப்படியொருவர் இருந்திருக்கிறார் என்று தெரிந்தது.

மகள் பெங்களூரிலிருந்து வர வேண்டும் என்று ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். மூடிய பெட்டிக்குள் அவர் படுத்திருப்பதைப் பார்க்க எனக்கு என்னவோபோல் இருந்தது. அந்தப் பெட்டியின் மோட்டார் வேறு கடகடவென்று சத்தம் போட்டது. கூட்டத்தில் பாதிப்பேர் பழக்கத்தில் அவரைத் தேடித் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆதாரக்காரர் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டேன்.

"இப்பவாச்சும் சொல்லுங்க. அன்னிக்கு உங்க கையில என்னங்க இருந்துச்சு?"

அவர் பெட்டியைப் பார்த்தார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பந்தலைத் தாண்டி, தென்னை வரிசையைத் தாண்டி, கிணற்று மேட்டுவரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே போயும் ஒரு தடவை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"ரெண்டு ராஜாங்க தம்பி."

நடுவில் இரண்டு ராஜா. கையில் இரண்டு ராஜா. நாலு ராஜா. எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. நிறைந்த வீடு தோற்றிருக்கும். அவர் விட்டுக்கொடுத்தது தோற்கிற சீட்டை.

"வாழ்க்கையில ஒருக்காத்தான் வந்துச்சு" என்றார் ஆதாரக்காரர். "அவ போனதுக்கப்பறம் மனசு மொதத் தடவையா ஒரு துள்ளு துள்ளுச்சு. ஒலகத்துல எவன் மடிச்சாலும் இந்த மனுசன் மடிக்க மாட்டாருன்னு நம்பி அத்தனையும் தள்ளுனேன். மடிச்சுப்போட்டாருங்க!"

அன்றைக்கு அந்த முகத்தில் நான் பார்த்தது நிம்மதி இல்லை.

"அப்பறம் ஏனுங்க சொல்லல? எத்தன நாளு தவிச்சாரு?"

"எப்படீங்க சொல்றது? எஞ்சட்டையப் பாத்துட்டுத்தான் மடிச்சாரு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஊரெல்லாம் வந்து ஆறுதல் சொன்னாங்க. இந்த மனுசன் ஒருத்தருதான் தனக்கு ஆசையானத எடுத்து எம்முன்னால வெச்சாரு. அவருகிட்டப் போயி, நீங்க வெச்சது தோத்த சீட்டுன்னு சொல்றதுங்களா?"

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தக் கிணற்று மேட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆதாரக்காரர் நான் அடங்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு என் தோளைத் தொட்டார்.

"மூஞ்சியக் கழுவிக்கிட்டு வாங்க தம்பி. உங்க மூஞ்சியில எல்லாம் அப்படியே தெரியும். இப்படியே உள்ள போனா அவரு பாத்துப்போடுவாரு."

கிணற்று மோட்டாரைப் போடச் சொல்லி, குழாயடியில் நன்றாக முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.